நாய்க்குத் திடீரென்று முடியவில்லை என்றால்: சேலம், ஏற்காடு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் ஓடியாடிக்கொண்டிருந்த நாய் மாலையில் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. புதிதாக நாய் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில் செல்போனை எடுத்து இது என்ன நோய் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தத் தேடலை விட்டுவிடுங்கள். நோய்க்குப் பெயர் சொல்வது டாக்டரின் வேலை. ரத்தப் பரிசோதனை பார்க்காமல் அவராலேயே பல சமயம் சொல்ல முடியாது. நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைத்தான். இப்போதே கிளம்ப வேண்டுமா, இன்றைக்குள் காட்டினால் போதுமா, நாளைக் காலை வரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

இதற்கான பதில் நாயின் உடம்பை மட்டும் பொறுத்ததில்லை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. அஸ்தம்பட்டியில் இருப்பவர் பத்து நிமிடத்தில் டாக்டரிடம் போய்விடலாம். ஏற்காட்டில் ஒரு தோட்ட வீட்டில் இருப்பவருக்கு இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அதனால் மலையில் இருப்பவர்கள் ஒரு படி முன்னதாகவே முடிவெடுக்க வேண்டும். கீழே இருப்பவருக்கு "நாளை" என்றால் மேலே இருப்பவருக்கு "இன்று". கீழே "இன்று" என்றால் மேலே "இப்போதே".

முதலில் இரண்டு நிமிடம் பாருங்கள்

பதற்றப்படாமல் நாயின் பக்கத்தில் உட்காருங்கள். மேல் உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளையாக இருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், உள்ளே எங்காவது கசியலாம். நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால் உடம்புக்கு ஆக்சிஜன் போதவில்லை. செங்கல் சிவப்பு, உடல் சூடு எல்லை மீறியதாலோ ரத்தத்தில் கிருமி பரவியதாலோ வரலாம். மஞ்சள் நிறம் கல்லீரல் பாதிப்பைக் காட்டலாம், ரத்த அணுக்கள் சிதைவதாலும் வரலாம். இந்த நான்கில் எது தெரிந்தாலும் மேற்கொண்டு யோசிக்காமல் கிளம்ப வேண்டியதுதான். நம் ஊர் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கருப்பாக இருக்கும். அவற்றுக்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். ஓடிவிட்டு வந்தால் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பது இயல்பு. நிழலில், அசையாமல் படுத்திருக்கும்போதும் வயிற்றை எக்கி எக்கி மூச்சு விட்டாலோ, படுக்க முடியாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாலோ அது இயல்பில்லை.

பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். எழுந்து வருகிறதா, நாலு அடி நேராக நடக்கிறதா என்று பாருங்கள். மூன்று காலில் நொண்டி வந்தால் இன்றைக்குள் காட்டலாம். பின்னங்கால்கள் இரண்டும் இழுபட்டால், அல்லது நிற்கவே முடியாவிட்டால் இப்போதே போக வேண்டும்.

கடைசியாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நாய்க்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டு, நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். மூக்கு சூடாக இருக்கிறது, காது சுடுகிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கணக்கை வைத்துக்கொண்டு 101-ஐப் பார்த்துப் பயந்து மாத்திரை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது காய்ச்சலே இல்லை. 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 104 என்றால் அன்றைக்கே காட்ட வேண்டும். 106 உயிருக்கு ஆபத்து. சோர்ந்து கிடக்கும் நாய்க்கு 99-க்குக் கீழே போனாலும் ஆபத்துதான், இதைப் பலர் கவனிப்பதில்லை.

இதையெல்லாம் நாய் நன்றாக இருக்கும் ஒரு நாளில் செய்து பழகுங்கள். உங்கள் நாயின் ஈறு எப்படி இருக்கும், தூக்கத்தில் எத்தனை மூச்சு, எத்தனை கிலோ எடை என்பதை நாட்காட்டியில் எழுதி வையுங்கள். நோய் வந்த நாளில் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எதையும் யோசிக்காமல் கிளம்ப வேண்டியவை

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று வெறும் நுரையும் எச்சிலும் மட்டும் வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், கிரேட் டேன் போல நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய நாய்களுக்கு இது அதிகம் வரும். சில மணி நேரத்திலேயே உயிர் போய்விடும், அறுவை சிகிச்சை தவிர வழியில்லை. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும், அப்படி நின்றாலும் அன்றைக்கே காட்டுவது நல்லது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ அவசரம். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்கிவிடாது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். பக்கத்தில் இருக்கும் சாமான்களை நகர்த்திவிட்டு, வீட்டில் ஒருவரைச் செல்போனில் வீடியோ படம் எடுக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போவதற்குள் வலிப்பு நின்றுவிடும், அவர் பார்ப்பதற்கு அந்தப் படம்தான் இருக்கும்.

ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நின்றும் சிறுநீர் சொட்டு சொட்டாக வந்தாலோ வராமலே போனாலோ அடைப்பு இருக்கலாம். பெட்டை நாய் குட்டி போடும்போது அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலும், உள்ளே குட்டி இருக்கும்போதே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும் போன் செய்யுங்கள். பால் கொடுக்கும் சின்ன ஜாதித் தாய் நாய்க்கு உடம்பு நடுங்கி, விறைத்து, இரைத்தால் ரத்தத்தில் கால்சியம் இறங்கியிருக்கலாம், தாமதிக்கக் கூடாது. கருத்தடை செய்யாத பெட்டை, ஹீட் என்னும் இணைசேரும் பருவம் வந்து போன ஒன்றிரண்டு மாதத்தில் தண்ணீர் தண்ணீராகக் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்தால் கர்ப்பப்பையில் சீழ் கோத்திருக்கலாம். வெளியே கசிவு தெரியாத வகைதான் இதில் மோசமானது.

வண்டியில் அடிபட்ட நாய் எழுந்து நடந்தாலும் காட்டியே ஆக வேண்டும். உள்ளே ரத்தம் கசிவது வெளியே தெரியாது.

வெயில்

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குக் கீழே கட்டிய நாய்க்கும், கண்ணாடி ஏற்றிய காரில் விட்ட நாய்க்கும் அது கொலை வெயில். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களும், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்ற அடர் முடி நாய்களும் முதலில் விழும். அடங்காத இரைப்பு, கெட்டியாக வழியும் எச்சில், சிவந்த ஈறு, தள்ளாட்டம், வாந்தி, பிறகு மயக்கம் என்ற வரிசையில் போகும்.

இதில் மட்டும் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை உண்டு. நிழலுக்குத் தூக்கிப்போய் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க, குறிப்பாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றுங்கள், மின்விசிறியைப் போடுங்கள். ஐஸ் தேடி ஓட வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். வழியில் வண்டியின் ஜன்னல் திறந்திருக்கட்டும். நாய் எழுந்து வாலாட்டினாலும் போங்கள், ஏனென்றால் சிறுநீரகமும் ரத்தம் உறையும் தன்மையும் கெடுவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

உண்ணிக் காய்ச்சல்

நாம் திடீரென்று வந்தது என்று சொல்வது பல சமயம் இரண்டு மூன்று வாரமாக உள்ளே நடந்துகொண்டிருப்பது. உண்ணிக் காய்ச்சல் அப்படிப்பட்டது. நம் வீடுகளில் காணும் பழுப்பு உண்ணி கடித்து எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளை ரத்தத்தில் விட்டுவிட்டுப் போகும். இன்றைக்கு உடம்பில் உண்ணி இல்லை என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது.

நேற்று வரை தட்டைக் காலி செய்த நாய் இன்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காய்ச்சல் அடிக்கும், படி ஏறத் தயங்கும். இந்த நிலையிலேயே காட்டினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். அடுத்த கட்டத்தில் மூக்கில் ரத்தம் வரும், வயிற்றுத் தோலிலும் ஈறிலும் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், ஈறு வெளுக்கும், சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போகும். அப்போது இரவானாலும் காத்திருக்க வேண்டாம். டாக்டரிடம் உண்ணி இருந்ததைச் சொல்லி, ரத்தப் பூச்சும் (ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) பிளேட்லெட் எண்ணிக்கையும் பார்க்கலாமா என்று கேளுங்கள். எர்லிக்கியாவுக்கு மாத்திரை வழக்கமாக நான்கு வாரம் போகும். மூன்றாம் நாளே நாய் துள்ளும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உண்ணி போக மண்ணெண்ணெய் தடவுவதும், கற்பூரத்தை எண்ணெயில் கரைத்துப் பூசுவதும், மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து ஊற்றுவதும் நம் பக்கம் உண்டு. நாய் உடம்பை நக்கும். அந்த விஷமே நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவந்துவிடும். நாய்க்கென்று, எடைக்கேற்ப டாக்டர் எழுதித் தருவதை மட்டும் போடுங்கள்.

வாந்தியும் பேதியும்

எல்லா வாந்திக்கும் ஓட வேண்டியதில்லை. வளர்ந்த, தடுப்பூசி போட்ட நாய் ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, வாலாட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தால் ஒரு நாள் பொறுக்கலாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். சில மணி நேரம் கழித்து உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் சிறிது கொடுங்கள். ஏற்காட்டுக்குக் காரில் அழைத்து வந்த நாய் வளைவுகளில் எச்சில் விட்டு வாந்தி எடுப்பதும் சகஜம். இறங்கி ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிட வேண்டும், தெளியவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

குட்டிக்கு இந்தப் பொறுமை செல்லாது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள, தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப் பேதியுமாகக் கிடந்தால் பார்வோ என்ற வைரஸ் நோய் என்று எண்ணியே நடக்க வேண்டும். நீர்ச்சத்து போய்த்தான் பாதிக் குட்டிகள் சாகின்றன, ட்ரிப்ஸ் ஏற்றுவதுதான் காப்பாற்றும். போகும்போது முன்கூட்டியே போன் செய்து, குட்டியை மற்ற நாய்கள் இருக்கும் இடத்தில் இறக்கிவிடாமல் வண்டியிலேயே வைத்திருங்கள். இந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சேலத்துக்காரர்கள் மாம்பழக் காலத்தில் மாங்கொட்டையை மறக்கக் கூடாது. மல்கோவாவோ செந்தூராவோ, சப்பிப் போட்ட கொட்டையை நாய் ஒரே வாயில் விழுங்கிவிடும். இரைப்பையைத் தாண்டிக் குடலில் போய்ச் சிக்கினால், குடித்த தண்ணீர்கூட வாந்தியாக வரும், மலம் நின்றுவிடும், வயிற்றைத் தொட்டால் முனகும். மாங்கொட்டை எக்ஸ்ரேயில் எலும்பைப் போலப் பளிச்சென்று தெரியாது. அதனால் "டாக்டர், நேத்து மாங்கொட்டை தின்னிருக்கலாம்" என்று நீங்கள் சொல்வதே அவருக்குப் பெரிய துப்பு. சோளக்கட்டைக்கும் இதே கதைதான்.

விஷமும் பாம்பும்

எலி மருந்தில் ஒரு வகை ரத்தத்தை உறையவிடாது. தின்ற அன்று நாய் சாதாரணமாக இருக்கும், மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் ரத்தம் கசிய ஆரம்பிக்கும். எனவே தின்றதைப் பார்த்தால், நாய் விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே கொண்டுபோங்கள். பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தானால் எச்சில், கண்ணீர், பேதி, தசைத் துடிப்பு எல்லாம் சீக்கிரமே தொடங்கும். தோட்டத்தில் நத்தைக்கு வைக்கும் மருந்தும் நடுக்கத்தையும் கடும் காய்ச்சலையும் கொண்டுவரும். காபிக் கொட்டை, காபித்தூள், பில்டரில் மிஞ்சிய சக்கை எல்லாமே நாய்க்கு ஆகாது, இதயம் படபடத்து வலிப்பு வரை போகலாம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சர்க்கரை இல்லாத சூயிங்கம், வாசலில் நிற்கும் அரளி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே நாயைக் கொல்லலாம். பாலும் விஷத்தை முறிக்காது. மருந்து டப்பாவை, அது இல்லையென்றால் வாந்தியில் கொஞ்சத்தை ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப்போங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் டாக்டர் சொல்லாமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, குடலில் புண் வந்து, ஒரு நாள் காய்ச்சலாக இருந்தது உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

பாம்பு பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோ கடித்திருக்கும், ஏனென்றால் நாய் மூக்கை நீட்டித்தான் போகும். கண்ணாடி விரியன் கடித்தால் மளமளவென்று வீங்கி ரத்தம் கசியும். கட்டு விரியனிடம் வீக்கமே இருக்காது, நாய் மெல்லத் துவண்டு மூச்சுத் திணறும். இறுக்கிக் கட்டுவது, கீறிவிடுவது, மஞ்சள் அப்புவது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். விஷமுறிவு மருந்து எல்லா கிளினிக்கிலும் இருக்காது, அதனால் கிளம்பும்போதே போன் செய்து இருப்பு உண்டா என்று கேட்டு, இருக்கும் இடத்துக்கே நேராகப் போங்கள்.

தொடுவதற்கு முன்

தாடை தொங்கி, எச்சில் வழிந்து, குரல் மாறி, தண்ணீரை விழுங்க முடியாமல் இருக்கும் நாயைப் பார்த்ததும் தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்க்கத் தோன்றும். விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் தெரியும், சில நாய்களுக்குக் கடிக்கும் வெறியே வராது, ஊமையாகப் படுத்தே சாகும். முக்கியமாகத் தடுப்பூசி போடாத நாய் என்றால் தனியாகக் கதவைச் சாத்தி வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கடியோ கீறலோ பட்டால், காயத்தில் எச்சில் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடுங்கள். நாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலையிலிருந்து இறங்குவது

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். பகலில் ஒரு மணி நேரத்தில் இறங்கலாம். பனிமூட்டம் இறங்கிய இரவில் அதே பாதை வேறு. கனமழையில் மண் சரிந்தால் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள், அப்போது குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும். எனவே மதியம் நாய் சாப்பிடாமல் சோர்ந்திருந்தால் மாலை நான்கு மணிக்குள் முடிவெடுத்துவிடுங்கள். "ராத்திரி பாத்துக்கலாம்" என்பது மலையில் செல்லாது.

சேலத்தில் எந்த கிளினிக் இரவிலும் திறந்திருக்கும், எங்கே எக்ஸ்ரே, ஸ்கேன் இருக்கிறது என்பதை இன்றைக்கே விசாரித்து எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் 1985 முதல் இயங்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி சேலத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஆத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குத் தலைவாசல் கல்லூரி கிட்ட. 1962 என்ற இலவச எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. பெரும்பாலும் கிராமத்து ஆடுமாடுகளுக்காக ஏற்பட்டது என்றாலும் வழியில்லாத நேரத்தில் அழைத்துக் கேட்கலாம்.

போனில் கதை சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "சார், லேப்ரடார், ஆண், நாலு வயசு, முப்பது கிலோ. காலையிலிருந்து ஆறு தடவை வாந்தி, தண்ணி நிக்கலை. ஈறு வெளுத்திருக்கு, காய்ச்சல் 104. ஏற்காட்டிலிருந்து கிளம்புறோம், ஒரு மணி நேரத்தில் வந்துடுவோம்." இதைக் கேட்டதும் அவர் தயாராகிவிடுவார், அல்லது தன்னிடம் வசதியில்லை, இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவார். இரண்டுமே உங்களுக்கு நேரம் மிச்சம்.

அடிபட்ட நாய் என்றால் வலியில் உங்களையே கடிக்கும், பழைய துப்பட்டாவால் வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் மூச்சுத் திணறும் நாய்க்கும் வாயைக் கட்டவே கூடாது. முதுகில் அடி என்று சந்தேகம் இருந்தால் பலகையிலோ விரித்த போர்வையிலோ இரண்டு பேர் சேர்ந்து தூக்குங்கள். தடுப்பூசி அட்டை, கொடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகள், செல்போனில் எடுத்த படம் ஆகியவற்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போட்டு வீட்டுக்குத் திரும்பும்போது டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்: எத்தனை மணி நேரத்தில் முன்னேற்றம் தெரிய வேண்டும், எதைப் பார்த்தால் திரும்ப வர வேண்டும், இரவில் யாரை அழைப்பது. மலையில் வீடு என்றால் அதையும் சொல்லுங்கள். அன்றிரவு சேலத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் இன்னொரு முறை காட்டிவிட்டு ஏறச் சொல்வார், அப்படிச் சொன்னால் தங்கிவிடுங்கள்.